கழுத்தில் ஒரு கட்டி: லிம்போமா பற்றி யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொக்டரின் அறைக்குள் இருக்கும்போது ஒரு கேள்வியும் வாயில் வராது. வெளியே வந்து வாங்கில் இருந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் எல்லாவற்றையும் கேட்போம். அப்படிக் கிளினிக் வாங்குகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. நான் வைத்தியர் இல்லை, வருத்தக்காரரோடு கூடப் போய் வருகிற ஆள். இதை வாசித்துவிட்டு உங்கள் டொக்டரிடம் இன்னும் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டீர்கள் என்றால் அதுவே போதும்.

லிம்போமா என்றால் என்ன வருத்தம்?

நிணநீர்த் தொகுதியில் வரும் புற்றுநோய். இரத்தக் குழாய்களைப் போலவே நிணநீர்க் குழாய்களும் உடம்பெங்கும் ஓடுகின்றன. அவற்றின் வழி நெடுக, அவரைவிதை அளவிலும் அதைவிடச் சிறிதாகவும் நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. கழுத்திலும் கமக்கட்டிலும் தொடையிடுக்கிலும் இருப்பவை வீங்கினால் கைக்குத் தட்டுப்படும். நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் இருப்பவை வீங்கினால் வெளியே தெரியாது. மண்ணீரலும் எலும்பு மச்சையும் இந்தத் தொகுதியோடு சேர்ந்தவைதான். இங்கெல்லாம் குடியிருக்கும் லிம்போசைட் என்னும் வெள்ளைக் கலங்கள் கிருமிகளோடு போராடுபவை. அவற்றில் ஒன்று மாறிப்போய், சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் பெருகிக்கொண்டே போனால் அது லிம்போமா.

இதில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. 1832இல் லண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த தோமஸ் ஹொட்ஜ்கின் விவரித்த வகை அவர் பெயராலேயே ஹொட்ஜ்கின் லிம்போமா எனப்படுகிறது. நுணுக்குக்காட்டியில் றீட்-ஸ்டேர்ன்பேர்க் என்ற பெரிய கலம் தெரிந்தால் அநேகமாக இந்த வகைதான். மற்றவை எல்லாம் ஹொட்ஜ்கின் அல்லாத லிம்போமா என்ற தலைப்பின் கீழ் வரும். அதற்குள்ளேயே பல பத்து வகைகள் இருக்கின்றன. சில மிக மெதுவாக வளரும், சில கிழமைக் கணக்கில் பெருக்கும்.

ஆகவே "லிம்போமாவாம்" என்பதோடு நிற்காதீர்கள். எந்த வகை என்று கேட்டு, அதைக் கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். மருந்து, செலவு, எதிர்காலம் எல்லாம் அந்த ஒரு வரியில்தான் தங்கியிருக்கின்றன. பக்கத்து வீட்டில் ஒருவர் ஆறே மாதத்தில் போய்ச் சேர்ந்தார் என்றால் அவருக்கு வந்த வகை வேறாக இருந்திருக்கலாம். அந்தக் கதையை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

தங்கச்சிக்குக் கழுத்தில் கட்டி. வெறும் நெறிகட்டுதானே?

பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். தொண்டை நோ, பல்லுக் கொதி, தலையில் புண், பேன் கடித்துச் சொறிந்த காயம் என்று எதற்கும் நெறி கட்டும். அப்படிக் கட்டினது தொட்டால் நோகும், காரணம் மாறியதும் இரண்டு மூன்று கிழமைக்குள் வற்றிவிடும்.

கவனிக்க வேண்டியது நோகாத கட்டியை. தொட்டால் ரப்பர் போல இருக்கும், வலி இல்லை, ஒரு மாதமாகியும் வற்றவில்லை, அல்லது வளர்ந்துகொண்டே போகிறது. காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் கட்டி வந்தால் சின்னதென்றாலும் காட்டுங்கள். நம் சனத்துக்கு நோவு இருந்தால்தான் வைத்தியசாலை. "நோகேல்லைத்தானே" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். லிம்போமாவில் பெரும்பாலான கட்டிகள் நோவதே இல்லை.

வேறென்ன அறிகுறிகள்?

டொக்டர்மார் மூன்றை முக்கியமாகக் கேட்பார்கள்: காரணம் தெரியாமல் 38 பாகை செல்சியசுக்கு மேல் வந்து வந்து போகும் காய்ச்சல், சட்டையும் படுக்கை விரிப்பும் மாற்ற வேண்டிய அளவுக்கு இரவு வியர்வை, ஆறு மாதத்துக்குள் உடல் நிறையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவது. பங்குனி, சித்திரையில் மின்சாரம் நின்றால் எல்லோருக்கும்தான் வியர்க்கும். இது அந்த வியர்வை இல்லை. மார்கழிக் குளிரிலும் நனைந்துபோய் எழும்புவார்கள்.

ஹொட்ஜ்கின் வகையில் சிலருக்குத் தோலில் ஒன்றும் இல்லாமலே உடம்பெல்லாம் கடிக்கும். மிகச் சிலருக்கு மதுபானம் குடித்ததும் கட்டி உள்ள இடம் நோகும். நெஞ்சுக்குள் கட்டி இருந்தால் வரட்டு இருமலும் மூச்சு வாங்குதலும் வரும், முகம் வீங்கவும் கூடும். முகம் வீங்கி மூச்சும் முட்டினால் கிளினிக் திகதி வரைக்கும் காத்திருக்காதீர்கள்.

காசநோய் என்று சொல்லி மருந்து தந்தார்கள். பிறகு லிம்போமா என்கிறார்கள். முதலில் பார்த்தவர் பிழை விட்டாரா?

நம் நாட்டில் கழுத்துக் கட்டிக்குக் காசநோயும் ஒரு முக்கியமான காரணம். காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு மூன்றும் இரண்டிலும் வரும். ஆகவே குழப்பம் வருவது அதிசயமில்லை. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். காசநோய்க் குளிசை ஒழுங்காக எடுத்தும் கட்டி வளர்ந்துகொண்டே போனால், குளிசை முடியும் வரைக்கும் பேசாமல் இருக்க வேண்டாம். திரும்பப் போய், "பயொப்சி செய்து பார்க்கலாமா டொக்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பயொப்சி என்றால் கட்டியில் இருந்து எடுத்து நுணுக்குக்காட்டியில் சோதிப்பது. கேட்பது குற்றமில்லை. காசநோய்க் கட்டியே சிலருக்குக் குளிசை எடுக்கும்போது கொஞ்சம் வீங்கிப் பிறகு வற்றுவதும் உண்டு, அதனால் குளிசையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

கத்தி வைத்தால் கான்சர் பரவிவிடும் என்கிறார்களே?

யாழ்ப்பாணத்தில் ஆகக் கூடுதலாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஆகக் கூடுதலான கெடுதல் செய்யும் நம்பிக்கையும் இதுதான்.

லிம்போமாக் கணுவை வெட்டி எடுப்பதால் வருத்தம் பரவாது. லிம்போசைட் பிறவியிலேயே உடம்பெங்கும் சுற்றித் திரியும் கலம். கத்தி வைத்துத்தான் அதற்கு வழி திறக்க வேண்டும் என்றில்லை. அப்படியென்றால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? முற்றிய நிலையில்தான் பலர் வைத்தியசாலைக்கு வருகிறார்கள். வெட்டிப் பார்க்கிறார்கள், சில மாதத்தில் ஆள் இல்லை. சனம் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறது. வெட்டினதால் அவர் போகவில்லை, பிந்தி வந்ததால் போனார்.

வெட்டாமல் இருந்தால் வகை தெரியாது. வகை தெரியாமல் எந்த நல்ல டொக்டரும் மருந்து ஏற்ற மாட்டார். கழுத்துக் கணுவை எடுப்பது பெரும்பாலும் சின்னச் சத்திரசிகிச்சை, கொஞ்சத் தையல், சின்னத் தழும்பு. கலியாணம் பேசுகிற வயதுப் பிள்ளைக்குக் கழுத்தில் தழும்பு வரப்போகிறதே என்று தாய்மார் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தத் தழும்புக்குப் பயந்து ஒரு நாள்கூடப் பிந்தக்கூடாது.

ஊசி குத்திப் பார்த்தார்களே, அது போதாதா?

பெரும்பாலும் போதாது. மெல்லிய ஊசியில் வருவது தனித்தனிக் கலங்கள் மட்டும். லிம்போமாவில் கணுவின் அமைப்பே எப்படிக் குலைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு முழுக் கணு வேண்டும். எடுக்க முடியாத இடம் என்றால் தடித்த ஊசியால் எடுத்த துண்டாவது வேண்டும். ஊசியில் "ஒன்றும் இல்லை" என்று வந்தும் கட்டி அப்படியே இருந்தால், அந்த றிப்போட்டை நம்பி வீட்டில் இருக்காதீர்கள்.

எடுத்த கணுவை நுணுக்குக்காட்டியில் பார்த்ததோடு முடியாது. இம்யூனோ என்று சொல்லப்படும் சாயச் சோதனைகள் செய்வார்கள். கலம் பீ வகையா, டீ வகையா, சீடி20 என்ற புரதம் அதன் மேல் இருக்கிறதா என்றெல்லாம் அதில்தான் தெரியும். இதற்கு நாள் எடுக்கும். அந்த நாட்கள் கொடுமையானவை, ஆனால் வீண் போகிறவை இல்லை. பயொப்சி இலக்கத்தை எழுதி வைத்திருங்கள். பிறகு வேறு வைத்தியசாலைக்குப் போனாலும், இரண்டாம் அபிப்பிராயம் கேட்டாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இது ஏன் வந்தது? நாங்கள் என்ன பாவம் செய்தோம்?

பாவம் ஒன்றும் இல்லை. அநேகமானவர்களுக்கு இன்னதுதான் காரணம் என்று சுட்டிக்காட்ட முடியாது. சில தொடர்புகள் தெரியும். 1964இல் எப்ஸ்டைன், பார் ஆகியோரின் குழு, ஆபிரிக்கச் சிறுவர்களுக்கு வரும் பேர்கிற் லிம்போமாக் கலங்களுக்குள் ஒரு வைரசைக் கண்டுபிடித்தது. எப்ஸ்டைன்-பார் என்ற அந்த வைரஸ் உலகில் பெரும்பாலானோர் உடம்பில் சத்தமில்லாமல் இருக்கிறது, மிகச் சிலருக்கே இப்படித் திரும்புகிறது. எச்ஐவி, உறுப்பு மாற்றியபின் எடுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைக்கும் மருந்துகள், சில மூட்டுவாத வருத்தங்கள் ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டும். இரைப்பையில் வரும் ஒரு வகைக்கு ஹெலிகோபக்டர் என்ற பக்டீரியா காரணம். ஆரம்பத்திலேயே பிடிபட்டால் வெறும் அன்டிபயோட்டிக்கிலேயே அது பலருக்கு மாறிவிடும்.

தோட்டம் செய்யும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் லின்டேன் என்ற பூச்சிகொல்லியை, ஹொட்ஜ்கின் அல்லாத லிம்போமாவை உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. அதே ஆண்டு கிளைபோசேட் என்ற களைகொல்லியை "அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக் கூடும்" என்ற பட்டியலில் சேர்த்தது. உங்கள் வீட்டு வருத்தத்துக்கு அதுதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வெங்காயத்துக்கு வெறும் மேலோடு, முகத்தை மூடாமல் மருந்தடிக்கும் பழக்கத்தை இன்றைக்கே விடலாம்.

தொற்றுமா? பிள்ளைகளுக்கு வருமா?

தொற்றாது. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிக்கலாம், ஒரே கட்டிலில் படுக்கலாம். கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், ஆனாலும் மிகக் குறைவுதான்.

நான்காம் கட்டம் என்று எழுதியிருக்கிறார்கள். முடிந்ததா?

இல்லை. இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். நெஞ்சுப் புற்றுநோயிலோ நுரையீரல் புற்றுநோயிலோ நான்காம் கட்டம் என்றால் என்ன அர்த்தமோ, லிம்போமாவில் அதே அர்த்தம் இல்லை.

ஒரே இடத்துக் கணுக்கள் என்றால் முதலாம் கட்டம். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகட்டின் ஒரே பக்கத்தில் இரண்டு அல்லது கூடுதலான இடங்கள் என்றால் இரண்டாம் கட்டம். மேலும் கீழும் இரு பக்கமும் என்றால் மூன்றாம் கட்டம். எலும்பு மச்சை, ஈரல் போன்ற இடங்களிலும் பரந்திருந்தால் நான்காம் கட்டம். பக்கத்தில் பீ என்று எழுதியிருந்தால் மேலே சொன்ன காய்ச்சல், வியர்வை, மெலிவு ஆகியவற்றில் ஒன்றாவது இருக்கிறது என்று பொருள். நான்காம் கட்டத்தில் வந்து முழுதாகக் குணமாகிப் போகிறவர்கள் லிம்போமாவில் நிறையப் பேர். கட்டம் கூடினால் மருந்து கூடும், கவனமும் கூடும், அவ்வளவுதான். அந்த இலக்கத்தைப் பார்த்துவிட்டு "இனி என்னத்துக்கு" என்று வருத்தக்காரரை வீட்டுக்குக் கூட்டிப் போய்விடாதீர்கள்.

குணமாகுமா?

கீமோதெரபி என்ற வைத்தியம் பிறந்ததே இந்த வருத்தத்தில்தான். 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நைதரசன் மஸ்ரட் என்ற இரசாயனத்தை முதன்முதலில் ஏற்றிய நோயாளிக்கு இருந்தது நிணநீர்ப் புற்றுநோய். கட்டிகள் கரைந்தன, சில கிழமையில் திரும்பி வந்தன. 1960களில் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோதுதான் முற்றிய ஹொட்ஜ்கினும் முழுதாக மாறத் தொடங்கியது. இன்று வசதியுள்ள நாடுகளின் கணக்கில் ஹொட்ஜ்கின் நோயாளிகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ஐந்து ஆண்டு தாண்டி வாழ்கிறார்கள். ஹொட்ஜ்கின் அல்லாதவற்றில் ஆகப் பரவலான, வேகமாக வளரும் பெரிய பீ கல வகையிலும் பாதிக்கு மேற்பட்டோர் குணமாகிறார்கள். இன்னொரு பக்கம், மெதுவாக வளரும் பொலிக்கியூலர் போன்ற வகைகள் முழுதாக மாறுவது குறைவு. ஆனால் அவற்றோடு பல வருடம் வேலை வெட்டி பார்த்துக்கொண்டு இருக்கலாம்.

வைத்தியம் எங்கே? என்ன மருந்து?

தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரைக்கும், நாட்டின் தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைக்கு, ஆக்கள் நடந்தே வந்து சேர்த்த பணத்தில் எழும்பியது அது. யாழ் போதனா வைத்தியசாலையிலோ தனியாரிடமோ முதலில் பார்த்தாலும் பிறகு அங்கே அனுப்புவார்கள். சில சோதனைகளுக்கும் சிகிச்சைகளுக்கும் மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போகச் சொல்லலாம். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசு இல்லை. போக்குவரத்து, தங்குமிடம், வெளியே செய்யச் சொல்லும் சோதனைகள் ஆகியவைதான் கையைக் கடிக்கும். மாட்டை வித்து, நகையை அடைவு வைத்துத் தனியாரிடம் ஓடுவதற்கு முன் அரசில் என்ன கிடைக்கும் என்று விசாரியுங்கள்.

ஹொட்ஜ்கினுக்கு ஏபிவிடி என்ற நான்கு மருந்துச் சேர்க்கை பொதுவாகப் பாவிக்கப்படுகிறது, இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். பெரிய பீ கல வகைக்கு ஆர்-சொப், மூன்று கிழமைக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஆறு தரம். இதில் வரும் றிடுக்சிமாப் என்ற மருந்து சீடி20 உள்ள கலங்களைத் தேடிப் பிடிக்கும். அதை ஏற்றும் முன் மஞ்சட்காமாலை பீ வைரசுக்கு இரத்தம் சோதிக்க வேண்டும். சோதித்தார்களா என்று நீங்களும் கேளுங்கள். சிலருக்குக் கதிர்ச்சிகிச்சையும் சேரும்.

டொக்டர் "இப்போது ஒன்றும் வேண்டாம், பார்ப்போம்" என்கிறார். கைவிட்டுவிட்டாரா?

மெதுவாக வளரும் வகைகளில், தொந்தரவு இல்லாதபோது, உடனே மருந்து தொடங்குவதால் ஆயுள் கூடுவதில்லை. ஆகவே கிளினிக்குக்கு வரச் சொல்லிக் கவனித்துக்கொண்டிருப்பார்கள். கனடாவில் இருந்து அண்ணா தொலைபேசியில் "ஏன் சும்மா விட்டிருக்கிறீங்கள்?" என்று கத்துவார். அவர் இருக்கும் நாட்டிலும் இதே வகைக்கு இதே முறைதான் என்று அவருக்குச் சொல்லுங்கள்.

கீமோ ஏற்றினால் என்ன நடக்கும்?

முடி கொட்டும், திரும்ப முளைக்கும். சத்திக்கு நல்ல குளிசை இருக்கிறது. சத்தி வந்த பிறகு இல்லை, வருமுன்னரே எடுக்க வேண்டும். ஏபிவிடியிலும் ஆர்-சொப்பிலும் உள்ள டொக்சோரூபிசின் சிவப்பு நிறம், ஏற்றிய அன்றும் மறுநாளும் சிறுநீர் சிவப்பாகப் போகும். இரத்தம் என்று பயப்பட வேண்டாம். அது இதயத்தைப் பாதிக்கக் கூடும் என்பதால்தான் முன்கூட்டியே எக்கோ என்ற இதய ஸ்கான் எடுப்பது. ஆர்-சொப்பில் உள்ள வின்கிறிஸ்டினால் விரல் நுனி விறைக்கும், மலச்சிக்கல் வரும். அதே சேர்க்கையில் வரும் பிறெட்னிசலோன் குளிசை எடுக்கும் ஐந்து நாளும் சீனி ஏறும், நீரிழிவு உள்ளவர்கள் அதை முதலே சொல்லிவிட வேண்டும். ஏபிவிடியில் உள்ள பிளியோமைசின் நுரையீரலைத் தாக்கலாம். புதிதாக இருமலோ மூச்சு வாங்குதலோ வந்தால் அடுத்த ஊசிக்கு முன் சொல்லுங்கள்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது காய்ச்சல். மருந்து ஏற்றி ஏழாம் நாளில் இருந்து பதினாலாம் நாள் வரை வெள்ளைக் கலம் ஆகக் குறைந்து இருக்கும். அந்த நாட்களில் சாதாரணக் கிருமியும் சில மணித்தியாலத்தில் உயிரை எடுக்கும். வீட்டில் ஒரு வெப்பமானி வாங்கி வையுங்கள். 38 பாகை காட்டினால், அல்லது நடுக்கம் எடுத்தால், இரவு இரண்டு மணி என்றாலும் வைத்தியசாலைக்குப் போங்கள். இரண்டு பனடோல் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். பனடோல் காய்ச்சலை மறைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. மாரி காலத்தில் "டெங்குவாக்கும், மூன்று நாள் பார்ப்போம்" என்றும் இருக்காதீர்கள். ஓபிடிக்குப் போனதும் முதல் வசனமே "கீமோ ஏற்றின ஆள், காய்ச்சல்" என்பதாக இருக்கட்டும். கொப்பியைக் கையில் நீட்டுங்கள்.

என்ன சாப்பிடலாம்? விரதம் பிடிக்கலாமா?

பத்தியம் இல்லை. மீன், முட்டை, இறைச்சி, பருப்பு, சோறு, புட்டு, இடியப்பம் எல்லாம் சாப்பிடலாம், சாப்பிடவும் வேண்டும். சுடச்சுடச் சமைத்ததாக இருக்கட்டும். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடியுங்கள். பச்சைச் சம்பல், தெருவோரம் வெட்டி வைத்த பழம், நேற்றைய கறி ஆகியவற்றை மருந்து முடியும் வரை தள்ளி வையுங்கள். நல்லூர்த் திருவிழாக் கூட்டத்துக்குள்ளும் அந்த ஆண்டு போகாமல் இருப்பது நல்லது. கந்தசஷ்டிக்குத் தண்ணீரும் குடிக்காமல் இருப்பது இந்த உடம்புக்குச் சரி வராது. வீட்டில் வேறொருவர் அவருக்காகப் பிடிக்கலாம்.

பரியாரியின் மருந்தும் சேர்த்து எடுக்கலாமா?

சித்த வைத்தியத்தில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கீமோ ஏற்றும் மாதங்களில் கசாயமும் சூரணமும் சேர்த்து எடுத்தால் ஈரலுக்குப் பாரம், கீமோ மருந்தின் அளவும் மாறிப் போகலாம். எடுத்தே தீர வேண்டும் என்றால் ஒளிக்காமல் டொக்டரிடம் காட்டிவிட்டு எடுங்கள். கீமோவை விட்டுவிட்டு மூலிகை மட்டும் என்று போவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். குணமாகக்கூடிய வருத்தம் இது, அந்தக் காலத்தைத் தவறவிட்டால் திரும்ப வராது.

இளம் வயது. இனிக் கலியாணம், பிள்ளை?

ஹொட்ஜ்கின் இருபது, முப்பது வயதுகளில் அதிகம் வருவதால் இது முக்கியமான கேள்வி, கூச்சத்தில் யாரும் கேட்காத கேள்வியும்கூட. ஏபிவிடிக்குப் பிறகு பெரும்பாலானோருக்குப் பிள்ளைப்பேறு உண்டு. கடுமையான மருந்துகள் என்றால் பாதிப்பு வரலாம். விந்தைச் சேமித்து வைப்பதென்றால் முதல் ஊசிக்கு முன்னரே செய்ய வேண்டும். ஆகவே தொடங்கும் முன் கேளுங்கள். சிகிச்சை நடக்கும்போது கருத்தரிக்கக் கூடாது.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லலாமா?

நம் வீடுகளில் வருத்தக்காரரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கும். "தாங்க மாட்டா" என்கிறோம். ஆனால் தெல்லிப்பழைப் பெயர்ப்பலகையை அம்மாவும் வாசிக்கிறா. முடி கொட்டுவதும் அவவுக்குத்தான். சொல்லாமல் விட்டால், ஏன் இந்தக் கஷ்டம் என்று தெரியாமலே மூன்றாவது ஊசியோடு "இனி வரமாட்டேன்" என்று நின்றுவிடுவா. முழுவதையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. "கழுத்துக் கட்டி கொஞ்சம் கெட்ட கட்டி, ஆனால் இதுக்கு மருந்து இருக்கு, ஆறு தரம் ஏத்த வேணும்" என்று தொடங்குங்கள். மிச்சத்தை அவ கேட்கக் கேட்கச் சொல்லலாம்.

மருந்து முடிந்துவிட்டது. இனி?

முடிவில் ஸ்கான் எடுத்துப் பார்ப்பார்கள். பெட் ஸ்கான் என்றால் கொழும்புப் பக்கம் போக வேண்டியிருக்கும். பிறகு கிளினிக், முதலில் அடிக்கடி, போகப்போக இடைவெளி விட்டு. வேகமாக வளரும் வகைகள் திரும்பி வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள் வரும். திரும்பி வந்தாலும் வழி அடைபடுவதில்லை. வேறு மருந்துகளும், இரத்தம் உண்டாக்கும் சொந்த மூலக் கலங்களை எடுத்து வைத்துத் திரும்ப ஏற்றும் சிகிச்சையும் இருக்கின்றன. அப்போதும் முதலில் பயொப்சிதான், ஏனென்றால் வகை மாறியிருக்கவும் கூடும்.

தடிமன் பிடித்துக் கழுத்தில் சின்னதாக நெறி கட்டினாலே வீடு முழுக்கப் பதறும். தடிமன் மாறி இரண்டு மூன்று கிழமை பொறுத்துப் பாருங்கள். வற்றாவிட்டால் அடுத்த திகதிக்குக் காத்திராமல் கொப்பியோடு போய்க் காட்டுங்கள்.